குழாய் வந்தது; தண்ணீர் வந்ததா?

காலை ஐந்தரை மணி. சமையலறைக்குள் போகிறீர்கள், விளக்கைப் போடுகிறீர்கள், குழாயைத் திருகுகிறீர்கள். தண்ணீர் வருகிறது. காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி விட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போய் விடுகிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை பேர் கை பட்டு உங்கள் வீட்டுக்கு வந்தது என்றெல்லாம் நீங்கள் யோசித்ததுண்டா? இராது. யோசிக்க வைக்காமல் இருப்பதுதானே நல்ல குழாய்க்கு லட்சணம்!

என்றைக்காவது அது வராமல் போனால்தான் சங்கதி தெரியும். 2019-ஆம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு போய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் கொண்டு வர வேண்டியிருந்தது. லாரி வரும் சத்தம் கேட்டால் பட்டுப் புடவைக்காரர், பழம் புடவைக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் குடத்துடன் ஓடினார்கள். நமக்கு அது ஒரு கோடைக் கஷ்டம். நம் நாட்டுக் கிராமங்களில் கோடிக்கணக்கான பெண்களுக்கு அதுவே வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் நடந்து வந்த குடித்தனம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது சர்க்கார் வகுத்திருக்கும் அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாமே அதற்குள் அடக்கம். வீட்டில் ஐந்து பேர் என்றால் 275 லிட்டர். ஒரு குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக் கொண்டால், பதினெட்டுக் குடத்துக்கும் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு குடமும் பதினைந்து கிலோ கனம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று சுமந்தாலும் ஒன்பது நடை. ஆகவே, தொலைவிலிருந்து சுமக்கிற வீட்டில் 55 லிட்டர் என்பது ஏட்டில்தான் இருக்கும். பாதி அளவோடு நிறுத்திக் கொண்டு மிச்சத்துக்கு மனசைத் தேற்றிக் கொள்வார்கள்.

"சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷமாகிறது, இந்தச் சின்னக் காரியத்தைக் கூடச் செய்ய முடியவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். செய்யாமல் இல்லை. கிணறு வெட்டினார்கள், போரிங் போட்டார்கள், பம்பு வைத்தார்கள், தொட்டி கட்டினார்கள், குழாயும் பதித்தார்கள். கஷ்டம் அங்கே இல்லை. வைத்த பம்பு நாளைக்கும், அடுத்த மாதமும், அடுத்த வருஷமும் தண்ணீர் கொடுக்க வேண்டுமே, அங்கேதான் இருக்கிறது கஷ்டம். ஐம்பது வருஷத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டு விட்டு, நான் சொல்வது சரிதானா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

ஒரு குடும்பத்துக்குச் செய்த பம்பு

1966, 67-ஆம் வருஷங்களில் பீகாரில் மழை பொய்த்துப் பெரிய பஞ்சம் வந்தது. கிணறுகள் வற்றின. அந்தச் சமயத்தில்தான், 1967-இல், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நல ஸ்தாபனமான யூனிசெப், பாறையைத் துளைக்கும் புது மாதிரி ரிக் வண்டிகளை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தது. காற்றழுத்தத்தால் சுத்தியல் போல் இடித்துக் கொண்டே இறங்கும் யந்திரம் அது. தக்காணத்துக் கருங்கல்லை மாதக்கணக்காக வெடி வைத்து உடைத்துக் கிணறு வெட்டியவர்களுக்கு, அந்த யந்திரம் ஓரிரு நாளில் துளை போட்டுத் தண்ணீரைக் காட்டியது மாயாஜாலமாகவே இருந்தது.

துளை போட்டாயிற்று. அதன் தலையில் ஒரு பம்பு வைக்க வேண்டுமே? அப்போது கடையில் கிடைத்தது வார்ப்பிரும்புப் பம்பு. மேல்நாட்டுப் பண்ணை வீடுகளில் கொல்லைப்புறத்தில் இருக்கும் பம்பைப் பார்த்துச் செய்தது. அங்கே ஒரு குடும்பம். நாளைக்கு நாலைந்து வாளி. இங்கேயோ ஒரு முழுக் கிராமம்! கோழி கூவுவதற்கு முன் ஆரம்பித்து, இருட்டின பிறகும் அதன் கை ஓயாது. பையன்கள் அதில் ஊஞ்சலாடுவார்கள். பாவம், ஒரு வீட்டு வேலைக்கு வந்த ஆளிடம் முந்நூறு வீட்டு வேலையைக் கட்டினால் என்ன ஆகும்? மாதங்களில் அச்சாணி தேய்ந்தது, கைப்பிடி ஒடிந்தது, உள்ளே இருக்கும் தோல் வாஷர் கிழிந்தது.

எழுபதுகளின் நடுவில் யூனிசெப் கணக்கெடுத்துப் பார்த்தபோது அதிகாரிகளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. வைத்த பம்புகளில் ஏறக்குறைய முக்கால்வாசி வேலை செய்யவில்லை! காகிதத்தில் பார்த்தால் ஆயிரமாயிரம் கிராமங்களுக்குத் தண்ணீர் வசதி வந்து விட்டது. நேரில் போய்ப் பார்த்தால், பெண்கள் பழையபடி குளத்துக்கே நடந்து கொண்டிருந்தார்கள். போகிற வழியில் ஊர் நடுவில் அந்தப் பம்பு மட்டும் ஊமையாக நின்று கொண்டிருந்தது.

கோயமுத்தூர்ப் பரீட்சை

நல்ல வேளையாக, இதற்கு விடையும் நம் நாட்டுக்குள்ளேயே இருந்தது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் கிறிஸ்துவ மிஷனைச் சேர்ந்தவர்கள் தங்கள் பட்டறைகளில் வேறு விதமான பம்பு செய்து வந்தார்கள். வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு. பல இடங்களில் தேய்ந்து போகும் மூட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு அச்சு. கைப்பிடிக்கும் உள்ளே இறங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சங்கிலி. அந்த சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாக வைத்துக் கொண்டு, யூனிசெப்பின் பொறியாளர்களும், நம் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்தினரும், சென்னையில் இருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குருடாஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலையும் சேர்ந்து புதுப் பம்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு 'இந்தியா மார்க் டூ' என்று பெயர்.

பெயர் வைத்து விட்டுச் சும்மா இருந்து விடவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், தண்ணீர் மிக ஆழத்தில் இருக்கும் இடங்களாகத் தேடிப் பிடித்துப் பம்பை நட்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் அடித்த அடியில் அது தாக்குப் பிடிக்கிறதா என்று பரீட்சை வைத்தார்கள். பரீட்சையில் பம்பு தேறியது. எழுபதுகளின் கடைசியில் சென்னையில் உற்பத்தி தொடங்கியது. 1979-இல் அதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. எந்தத் தொழிற்சாலை செய்தாலும் ஒரே அளவு. ஒருவர் செய்த உறுப்பு இன்னொருவர் பம்பில் பொருந்தும். யாரும் அதற்குத் தனியுரிமை கொண்டாடவில்லை. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குக் கூட அது கப்பலேறிப் போயிற்று. வேறெந்தக் கை பம்பையும் விட உலகத்தில் அதிகமாகப் புழங்குவது இதுதான் என்று சொல்லுகிறார்கள்.

அத்துடன் கதை சுபமாக முடிந்ததா? இல்லை. எவ்வளவு கெட்டியான பம்பானாலும் வாஷர் தேயத்தானே செய்யும்? அதை மாற்ற வேண்டுமானால் ஆழத்தில் இருக்கும் குழாய் முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலி வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும், வண்டி வேண்டும். வண்டி ஜில்லாத் தலைநகரில் இருக்கும். தகவல் எழுதிப் போட்டு, அது மேஜை மேஜையாக ஏறி இறங்கி, வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு கோடையே போய்விடும். ஒரு சிறு வாஷருக்காக ஊரே தாகத்தில் கிடக்கும்!

தமிழ்நாட்டில் இதற்கு எழுபதுகளிலேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு ஒருவர் பம்பைப் பார்த்துக் கொள்வார், போல்ட்டை முடுக்குவார், எண்ணெய் போடுவார். அவரால் ஆகாததற்கு ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். அவராலும் ஆகாததற்கு ஜில்லாவிலிருந்து வண்டியும் ஆட்களும். மூன்று படிகள். முதல் படியில் இருப்பவர் கவனமாக இருந்தால் மற்ற இரண்டு படிக்கும் வேலை குறையும். எண்பதுகளில் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். குழாயைக் கழற்றாமலேயே உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாஷர் மாற்றும்படியான 'மார்க் த்ரீ' பம்பும் கோவை வட்டாரத்தில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. யந்திரத்தைக் கிராமத்தார் கைக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்ற ஞானம் அப்போதுதான் பிறந்தது.

ஸ்பானர் பிடித்த கைகள்

இங்கேதான் நம் சகோதரிகள் கதைக்குள் வருகிறார்கள்.

பம்பு ஓடாவிட்டால் யாருக்குக் கஷ்டம்? வீட்டுப் பெண்ணுக்கு. பம்பைப் பழுது பார்க்கக் கற்றுக் கொடுத்ததோ ஆண்களுக்கு! அவர்களில் பலர் கற்றுக் கொண்ட கையோடு நகரத்தில் வேலை தேடிப் போய் விட்டார்கள். எண்பதுகளில் ராஜஸ்தானத்துத் தெற்கு ஜில்லாக்களான பான்ஸ்வாடா, டுங்கர்பூர் பக்கத்திலும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்துப் பாந்தா பக்கத்திலும் ஒரு புது யோசனை செய்தார்கள். "பெண்களுக்கே கற்றுக் கொடுத்தால் என்ன?"

பாந்தா வட்டாரம் பண்டேல்கண்டைச் சேர்ந்தது. பாறை பூமி, மழை குறைவு. மகிளா சமாக்யா என்ற பெண் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்கள், ஆதிவாசிகள், பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள். முக்காட்டை இழுத்துச் செருகிக் கொண்டு கையில் ஸ்பானர் பிடித்தார்கள். அவர்கள் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று சொன்ன தெருக்களிலும் பம்பு நின்று போகத்தானே செய்யும்? தாகத்துக்கு ஜாதி ஏது? கூப்பிட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து இன்னொரு காரியம் முளைத்தது. எந்தப் பம்பில் எந்த உறுப்பு மாற்றினோம், எத்தனை அளவு குழாய் என்றெல்லாம் எழுதி வைக்க வேண்டியிருந்தது. எழுத்துத் தெரியாதே! "எங்களுக்குப் படிக்கக் கற்றுக் கொடுங்கள்" என்று அந்தப் பெண்களே கேட்டார்கள். படித்தவர்கள் சேர்ந்து 'மகிளா டாகியா', அதாவது 'பெண் தபால்காரி' என்ற சிறு செய்தித்தாளை எழுதி வெளியிட்டார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 2002-இல் சித்ரகூடத்தில் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை தோன்றியது. முழுக்க முழுக்கக் கிராமத்துப் பெண்களே நடத்தும் பத்திரிகை. அவர்களைப் பற்றி எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப் படம் 2022-இல் ஆஸ்கார் பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரையில் போயிற்று. ஒரு பம்பு வாஷரை மாற்றக் கற்றுக் கொடுத்தால் அது எங்கே கொண்டு போய் விடுகிறது, பார்த்தீர்களா?

கண்ணுக்குத் தெரியாத எதிரி

தண்ணீர் வருவது மட்டும் போதாது. நல்ல தண்ணீராகவும் இருக்க வேண்டும். இதிலே ஒரு வெற்றிக் கதையும் உண்டு. ஒரு வேதனைக் கதையும் உண்டு.

வெற்றிக் கதை, நரம்புச் சிலந்தி நோயைப் பற்றியது. உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்வார். படிக்கிணற்றிலும் குட்டையிலும் இறங்கித் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் வந்த நோய் அது. குடிக்கும் தண்ணீரோடு உள்ளே போன புழு, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாகக் கிளம்பி, நூல் போல் வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்காக மெதுவாக இழுப்பார்கள். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. 1984-இல் நம் நாட்டில் ஏறத்தாழ 40,000 பேருக்கு இருந்தது.

இதை ஒழித்தது பெரிய யந்திரம் அல்ல. படிக்கிணறுகளை, இறங்க முடியாதபடி சுவர் எழுப்பி, வாளியால் இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். அடி பம்புகள் போட்டார்கள். குடத்தின் வாயில் துணியை மடித்துக் கட்டித் தண்ணீரை வடிகட்டும்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு குடத்துக்கும் அந்தத் துணியைக் கட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் ஜில்லாவில் கடைசி நோயாளி. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில், இந்தியாவில் இந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் முத்திரை வைத்தது.

வேதனைக் கதை, ஃப்ளோரைடு. பாறைகளில் இயற்கையாக உள்ள உப்பு இது. தண்ணீரில் கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமைத் தாண்டினால் கூடாது. வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல் பழுப்பேறும். இன்னும் அதிகமானால் எலும்பு இறுகி முதுகு வளையும். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் 1937-லேயே டாக்டர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும், தெலங்கானாவில் நல்கொண்டாவிலும் ஒரு தலைமுறையே இதனால் அவதிப்பட்டது. கொடுமை என்னவென்றால், கிருமியில்லாத சுத்தமான தண்ணீர் என்று நம்பித்தான் ஆழத்தில் போரிங் போட்டார்கள். அந்த ஆழத்துப் பாறையில்தான் இந்த உப்பு காத்திருந்தது.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடை அடியில் படிய வைக்கும் முறையை எழுபதுகளிலேயே நாகபுரி ஆராய்ச்சிக் கூடத்தார் கண்டுபிடித்தார்கள். 'நல்கொண்டா முறை' என்றே அதற்குப் பெயர். சோதனையில் நன்றாக வேலை செய்தது. ஆனால் தினசரி தண்ணீரைச் சோதித்து, சரியான அளவில் மருந்து கலந்து, கலக்கி, படிய வைத்து, அடியில் தங்கிய சேற்றை அப்புறப்படுத்த ஓர் ஆள் வேண்டுமே? பல ஊர்களில் அந்த ஆள் இல்லை. சாதனம் மூலையில் துருப்பிடித்தது. கடைசியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவேரித் தண்ணீரையே கொண்டு வந்தார்கள். சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், ஜப்பான் கடனுதவியோடு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது.

ஒரு கரிசல் கிராமத்தில்

இப்போது அடி பம்புக் காலம் போய், வீட்டுக்கு வீடு குழாய் என்ற காலம் வந்திருக்கிறது. மதுரைக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிமெண்டு மேடை. அதில் பளபளவென்று ஒரு குழாய். ஒரு வாசலில் மட்டும் குழாயில் கயிறு கட்டி, அதில் ஓர் ஆட்டுக்குட்டி நின்று கொண்டிருந்தது.

"என்ன அம்மா, குழாயில் ஆட்டைக் கட்டியிருக்கிறீர்களே?" என்று திண்ணையில் இருந்த அம்மாளைக் கேட்டேன்.

"சும்மாத்தானே தம்பி நிக்குது! மேட்டுத் தெருவுக்கு ஏறமாட்டேங்குது தண்ணி. குட்டியாச்சும் ஓடாம நிக்கட்டுமே" என்றார், வெற்றிலையை மடித்துக் கொண்டே.

பள்ளத் தெருவில் கதை வேறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் தாராளமாக வருகிறது. "தலையிலே சும்மாடு கட்டி ரெண்டு வருசமாச்சுங்க. மூத்தவ பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோட போறா" என்றாள் ஒரு பெண். அந்தப் பேச்சில் எவ்வளவு பெருமை!

ஊருக்குத் தண்ணீர் விடுபவரைத் தேடிப் போனேன். 'மோட்டார்க்காரர்' என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மோட்டாரைப் போட வேண்டும். தொட்டி நிரம்பியதும் தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூட வேண்டும். ஏணியில் ஏறித் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். எங்கே குழாய் உடைந்தாலும் பள்ளம் தோண்ட வேண்டும். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது இவருக்கு விடிகிறது.

"மேட்டுத் தெருவுக்கு ஏன் ஏறவில்லை?" என்று கேட்டேன்.

"கீழ ரெண்டு வீட்டுலே குழாயிலே மோட்டாரை மாட்டி உறிஞ்சிடுதாக சார். கேட்டா சண்டைக்கு வாராக. நானும் இதே ஊர்லதானே இருக்கணும்?" என்றார். பிறகு தயங்கி, "போன வருசம் சித்திரையிலே மோட்டார் எரிஞ்சு போச்சு. பதினோரு நாள். வீட்டுக்கு வீடு போன் மேலே போன். என் பொண்டாட்டி போனை அரிசிப் பானைக்குள்ளே போட்டு மூடிட்டா!" என்று சிரித்தார்.

"இந்த வேலையை ஏன் விடாமல் செய்கிறீர்கள்?"

"விட்டா யார் திறப்பா சார்?" என்றார் அவர். வேறு பதில் சொல்லவில்லை.

யார் கணக்கில் எழுதுவது?

அந்த ஊர் மட்டும் விதிவிலக்கல்ல. 2019 ஆகஸ்டு 15-ஆம் தேதி, எல்லாக் கிராமத்து வீடுகளுக்கும் குழாய் கொடுப்பது என்று 'ஜல் ஜீவன்' இயக்கம் அறிவிக்கப்பட்டது. அப்போது நாட்டில் சுமார் 3 கோடியே 23 லட்சம் கிராமத்து வீடுகளில்தான் குழாய் இருந்தது. அதாவது ஆறில் ஒரு வீடு. 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் இந்தத் தொகை 15 கோடியைத் தாண்டி விட்டது. ஐந்தில் நாலு வீடு! இது சாதாரணக் காரியமல்ல. மனமாரப் பாராட்ட வேண்டியது.

ஆனால் 2022-இல் சர்க்காரே மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. குழாய் வைத்த வீடுகளில் நூற்றுக்கு 86 வீட்டில் தண்ணீர் வந்தது. போதிய அளவில், தவறாமல், சுத்தமாக, மூன்றும் சேர்ந்து வந்தது எத்தனை வீட்டில் தெரியுமா? நூற்றுக்கு 62-இல்தான். 2024-இல் முடிந்திருக்க வேண்டிய இயக்கத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தபோது, இனிமேல் வேலையின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் வைப்போம் என்று சொன்னதற்கும் இதுவே காரணம்.

இந்த இயக்கத்துக்கு முதலில் போட்ட மதிப்பு 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய். தொட்டி கட்ட, குழாய் பதிக்கப் பணம் மேலிருந்து வரும். அதற்கு அடிக்கல் உண்டு. திறப்பு விழா உண்டு. மாலையும் மேளமும் உண்டு. மறு நாளிலிருந்து மின்சாரப் பில் யார் தலையில்? பஞ்சாயத்தின் தலையில். மோட்டார்க்காரர் சம்பளம்? பஞ்சாயத்து. எரிந்து போன மோட்டார்? அதுவும் பஞ்சாயத்து. 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்று சொன்ன 29 துறைகளில் குடிதண்ணீரும் ஒன்று. பொறுப்பைக் கொடுத்த வேகத்தில் பணமும் ஆளும் பல இடங்களில் போய்ச் சேரவில்லை. வாஷர் மாற்றியதற்கு எந்த ஊரிலாவது கல்வெட்டு வைத்திருக்கிறார்களா, சொல்லுங்கள்!

தண்ணீர் வரியை ஒழுங்காக வசூல் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். "வராத தண்ணீருக்கு வரி எதற்கு?" என்கிறார் வீட்டுக்காரர். "வரி கட்டாவிட்டால் மோட்டாரை எப்படிப் பழுது பார்ப்பது?" என்கிறார் பஞ்சாயத்துத் தலைவர். இருவர் சொல்வதும் நியாயந்தான். இந்தச் சிக்கல், தண்ணீர் ஒழுங்காக வரத் தொடங்கிய ஊர்களில்தான் அவிழ்கிறது. குஜராத்தில் 2002 முதல் ஊர் தோறும் 'பானி சமிதி' என்ற தண்ணீர்க் குழுக்களை அமைத்தார்கள். செலவில் ஒரு சிறு பங்கை ஊராரே போட்டு, கணக்கையும் ஊராரே பார்க்கும் ஏற்பாடு. தன் கைக்காசு அதில் இருந்தால் குழாய் ஒழுகும்போது மனசும் சேர்ந்து பதறுகிறது! ஜல் ஜீவன் விதிகளிலும் இதே யோசனையை எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். ஊர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியைக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்பது விதி. ஆட்டை அவிழ்த்து விட்டுக் குழாயைக் குழாயாக்க வேண்டுமானால், யார் வீட்டில் மோட்டார் உறிஞ்சுகிறது என்று கூட்டத்தில் எழுந்து கேட்கத் துணிந்த பெண்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். பெயருக்குக் கையெழுத்துப் போட மட்டும் அவர்களை அழைத்தால் பிரயோஜனமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கிராமத்துக் குடிதண்ணீரில் பெரும் பகுதி பூமிக்கடியிலிருந்து வருகிறது. அதே பூமியிலிருந்துதான் பயிருக்கும் இறைக்கிறார்கள். நாட்டில் இறைக்கும் நிலத்தடி நீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வயலுக்கே போகிறது. பஞ்சாயத்துப் போரிங்குக்கு அருகில் அதைவிட ஆழமாக இன்னொரு போரிங் போட்டால், வைகாசியில் பஞ்சாயத்து மோட்டார் வெறும் காற்றைத்தான் இறைக்கும். குழாய் எவ்வளவு புதியதாயிருந்து என்ன? கண்மாயைத் தூர் வாருவதும், பெய்த மழையை நிறுத்தி வைப்பதும், எந்த நிலத்துக்கு எந்தப் பயிர் என்று பார்ப்பதும் குடிதண்ணீர் வேலையைச் சேர்ந்தவைதாம்.

இரண்டாவது கேள்வி

"நகரத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பலருக்குச் சொந்த ஊர் ஒன்று இருக்கும். திருவிழாவுக்கும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் போய் வருவீர்கள். அடுத்த முறை போகும்போது, தண்ணீர் விடுபவர் யார், அவருக்குச் சம்பளம் மாதா மாதம் கிடைக்கிறதா, தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஊர்க் குழுவில் பெண்கள் யார் யார் என்று விசாரித்துப் பாருங்கள். கோயிலுக்கு டியூப் லைட்டும் மின் விசிறியும் உபயம் செய்து பெயர் பொறித்துக் கொள்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பஞ்சாயத்துக்கு ஒரு மாற்று மோட்டார் உபயம் செய்யலாமே என்று காதில் போட்டு வையுங்கள். மோட்டார் எரிந்த அன்றே அதை மாட்டி விடலாம். பதினோரு நாள் குடத்தைத் தூக்க வேண்டியதில்லை.

அதோடு இன்னொன்று. இத்தனை லட்சம் வீடுகளுக்குக் குழாய் வைத்தாயிற்று என்று பத்திரிகையில் படிக்கும்போது சந்தோஷப்படுங்கள். சந்தோஷப்பட்டு விட்டு, இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். போன வருஷம் வைத்த குழாய்களில் இன்று காலை எத்தனையில் தண்ணீர் வந்தது? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் கேளுங்கள். உத்தியோகத்தில் இருக்கும் உறவுக்காரரிடமும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லப் பலர் முந்திக் கொண்டு வருவார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினால்தான், வால்வு திறக்கிறவருக்கும் வாஷர் மாற்றுகிறவளுக்கும் சம்பளப் பட்டியலில் ஓர் இடம் நிச்சயமாகும்.